முதுகில் இருந்த காற்று

வீட்டின் முன்னறையில், மின்விசிறிக்கு நேர் கீழே, முதுகில் பெரிய சிலிண்டரும் இடது விலாவோரம் சின்ன சிலிண்டருமாக ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பது, அந்த மாதம் முழுக்க அந்தக் குடும்பத்துக்குப் பழகிப்போன காட்சியாக இருந்தது. அவருடைய மனைவி பை தைப்பவள். இயந்திரத்தை மிதித்துக்கொண்டே அவரை அவர் பாட்டுக்கு நிற்க விடுவாள். அவர் எதிர்பாராத ஒரு கணத்தில் எழுந்து வந்து, அவர் வாயில் கவ்வியிருக்கும், சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டரை வெடுக்கென்று பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கியதும் அவர் கை எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் ஏற்பாடு.

“எங்க போச்சு?” என்று கண்ணைத் திறக்காமலே கேட்பார்.

“அலமாரிக்குப் போச்சு. அந்தக் கண்ணாடி டம்ளர் இனிமே நமக்கில்ல.”

“டம்ளரை விடு. கை முதல்ல எங்க போச்சு?”

“முதல்ல டம்ளரைக் கூட்டி அள்ளுறேன். நகராம நில்லுங்க, காலைக் கிழிச்சுக்காதீங்க.”

அவர் மிதக்கும் கலங்களின் அடிவயிற்றில் ஒட்டும் சிப்பியைச் சுரண்டிச் சுத்தம் செய்பவர். யாரிடமும் பாடம் கேட்டுக் கற்றவர் அல்லர். தண்ணீர் பம்ப் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்த இளவயதில், தண்ணீருக்குள் விழுந்த மோட்டார்களை எடுக்க ஆள் கிடைக்காமல் தாமே இறங்கினார். பிறகு, பழைய மூழ்கு கருவிகளுடன் வந்த கையேடுகளை அகராதி வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தார். படித்த ஒவ்வொன்றையும் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று சோதித்தார். கையேடுகளை மட்டுமல்ல, எந்தக் காகிதத்தையும் அவர் எறிந்தவர் இல்லை. பேனாவுக்கு ரீஃபில் வாங்கினாலும் பில் கேட்பார். “மாமாவுக்குத் தும்மல் வந்தாக்கூட ரசீது வாங்கி வச்சுக்குவாரு” என்று அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, ஒருமுறை துறைமுகத்தில் சொல்லிவைக்க, அன்றிலிருந்து அவருக்கு ரசீது என்பதே பெயராகிவிட்டது. அந்தப் பெயரில் அவருக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறொரு சொல்லில் இருந்தது.

முன்பு அவர் வேலை செய்த நிறுவனத்தில், மூழ்குபவர் ஒவ்வொருவருக்கும் பெரிய சிலிண்டரோடு சேர்த்து ஒரு குட்டி சிலிண்டரும் கொடுப்பார்கள். பெரியது கைவிட்டால் குட்டி காப்பாற்ற வேண்டும். அதற்குத் தனி ரெகுலேட்டரும் உண்டு. அதைப் பெரியதன் முதுகோடு முதுகாகத் தைத்த வாரில் இறுக்கி, வால்வையும் மூடியே வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். காற்று வீணாகக் கசியக் கூடாதாம். ஒரு நாள், பார்ஜ் எனப்படும் தட்டையான சரக்குப் படகு ஒன்றின் அடியில் நடுவாந்தரத்தில் அவர் மல்லாந்து படுத்துச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, சிப்பியின் விளிம்பு பெரிய சிலிண்டரின் குழாயை அறுத்தது. காற்று குபுகுபுவென்று வெளியே கொட்டியது. குட்டியின் ரெகுலேட்டரை எடுத்துக் கவ்வினார். குழாயில் தேங்கியிருந்த ஒரே ஒரு இழுப்பு வந்தது. அதற்குமேல் வரவில்லை. வால்வைத் திறக்கக் கையைப் பின்னால் நீட்டினார். எட்டவில்லை. மறுபடி நீட்டினார். மேலே போகலாமென்றால் மேலே இருந்தது இரும்பு. படகின் விளிம்பு வரை அந்த இரும்பை நகத்தால் பற்றிப் பற்றி ஊர்ந்து வெளியே வந்தார். இடது காதின் சவ்வு கிழிந்ததோடு உயிர் மிஞ்சியது.

நிறுவனத்தார் அவருடைய குட்டியை இறக்கி அளந்து பார்த்தார்கள். அது நிறைந்திருந்தது. அந்த நிறைவே அவருக்கு எதிரான சாட்சியாயிற்று. “மாற்றுக் காற்று கைவசம் இருந்தும், பதற்றத்தால் அதைப் பயன்படுத்தத் தவறினார்” என்று எழுதி வேலையிலிருந்து நீக்கினார்கள்.

“கைவசம்னா என்ன அர்த்தம்?” என்று அவர் வீட்டுக்கு வருகிற எல்லாரையும் கேட்டார். மின்கட்டணம் வாங்க வந்தவரைக்கூட விடவில்லை. “கைக்குள்ள இருக்கிறதுதானே கைவசம்? முதுகுல இருந்ததை எப்படிக் கைவசம்னு எழுதலாம்? என் கைக்கு என்னைக்காவது முதுகுல வேலை இருந்திருக்கா?”

வந்தவர், “அரிச்சா சொறிவீங்கள்ல?” என்றார்.

“எட்டாதுய்யா! அதுக்குத்தான் எல்லார் வீட்டுலயும் சீப்பை வச்சுச் சொறியறாங்க!”

அந்த வரியை நீக்கக் கோரி அவர் நிறுவனத்தின் தலைமையகத்துக்கு மனு எழுதினார். பதில் வராதபோது நினைவூட்டல் எழுதினார். நினைவூட்டலுக்கு நினைவூட்டல் எழுதினார். அவருடைய வாதத்தின் முதுகெலும்பு ஒன்றுதான்: மாற்றுக் காற்றை முதுகில் சுமப்பதே பிழையான முறை, கண்ணுக்குத் தெரியும்படி, கைக்கு முன்னால், விலாவோரம் தொங்கவிடுவதே சரி. பக்கம் பக்கமாக, படம் போட்டு, அம்புக்குறி இட்டு இதை அவர் நிறுவியிருந்தார்.

இத்தனை ஆண்டுகள் கரையில் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்பிக் காலம் தள்ளியவருக்கு இப்போது மறுபடி தண்ணீர் கூப்பிட்டது. ஒரு படகுத்துறையின் உரிமையாளரான அம்மாள், தம் பார்ஜ்களின் அடியைச் சுரண்டும் வேலையை அவருக்கும் மச்சானுக்குமாகக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்.

“ரெண்டு பேரும் குட்டியை ஒரே மாதிரி மாட்டணும். அடியில வெளிச்சம் கிடையாது. ஒருத்தருக்கு ஒண்ணுன்னா இன்னொருத்தர் கை தடவித் தேடிக்கிட்டு இருக்கக் கூடாது. எப்படி மாட்டுறதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. பண்ணிட்டு வந்து காட்டுங்க. அதுக்கப்புறம்தான் இறங்கணும்.”

நியாயமான நிபந்தனைதான். ஆனால் அவருக்கும் மச்சானுக்கும் அதில்தான் ஒட்டவில்லை.

“சட்டைப்பைக்குள்ள போடுற மாதிரி சின்ன சிலிண்டர் ஒண்ணு விக்கிறாங்களே மாமா, அதை வாங்கிட்டாச் சண்டையே இல்லையே” என்று மச்சான் முதலில் சமாதானம் பேசிப் பார்த்தான்.

“அது சும்மா இருக்கிறப்ப நாலு இழுப்பு. பயந்தவனுக்கு ரெண்டு. பார்ஜ் அடியில அது பொம்மை.”

“அப்ப முதுகுதான்.”

“விலாதான்.”

“மாமா, நாம மல்லாந்து படுத்துச் சுரண்டுறவங்க. விலாவுல தொங்குறது அப்படியே நெஞ்சு மேல ஏறும். கை வீசினா இடிக்கும். சிப்பியில மாட்டும். பிள்ளையைச் சுமந்துக்கிட்டு வீட்டு வேலை பண்ணிப் பாருங்க, தெரியும்.”

“பண்றவங்க இருக்காங்க” என்றாள் மனைவி, தையலிலிருந்து தலை தூக்காமல். “பிள்ளையை யாரும் முதுகுல கட்டிக்கிட்டுச் சமைக்கல. இடுப்புலதான் வச்சுக்கிறோம். கண்ணு முன்னாடி இருக்கும்.”

“பார்த்தியா?” என்றார் ரசீது, வென்றுவிட்டவர்போல.

“இடுப்புல வச்சவ ஒரு கையாலதான் சமைப்பா” என்று அவளே முடித்தாள். “உங்களுக்கு ரெண்டு கையும் வேணும்ல?”

யார் பக்கம் பேசுகிறாள் என்று இருவருக்கும் விளங்கவில்லை.

அவர் உட்கார மாட்டாமல் அலைந்தார். குட்டியை விலாவில் மாட்டிக்கொண்டு குளியலறைக் கதவில் இடித்தார். முதுகில் மாட்டிக்கொண்டு படிக்கட்டில் ஏறி இறங்கினார். மாட்டிய கொக்கிகளை அவிழ்த்தார், மாட்டினார். மாடிவீட்டுக்காரர், கீழே கட்டடம் ஏதும் இடிக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முடிவு என்னவோ அவருக்கு முன்பே தெரியும். விலாதான். அதை நிறுவிக் காட்டவே இந்தச் சோதனை. ஆனால் சோதனை அடம்பிடித்தது. மனைவி பிடுங்கும் ஒவ்வொரு முறையும் விலாவிலிருக்கும் ரெகுலேட்டர் அவர் வாய்க்கு வந்து சேரத்தான் செய்தது. வந்து சேர ஏனோ தாமதமானது.

“ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?” என்றாள் மனைவி ஒரு நாள்.

“சொல்லு.”

“உங்க கை முதல்ல பின்னாடிதாங்க போகுது. தோளுக்குப் பின்னாடி. அங்க எதையோ தேடிட்டு அப்புறம்தான் முன்னாடி வருது. அதுல மோதித்தான் டம்ளர் போச்சு.”

“அதெல்லாம் கிடையாது.”

“தூக்கத்துலயும் அப்படித்தான். எத்தனை தடவை என் மூக்குல இடிச்சிருக்கீங்க தெரியுமா?”

“சொன்னதே இல்லையே நீ!”

“சொன்னா அதுக்கும் தேதி போட்டு எழுதி வைப்பீங்க. எதுக்குன்னு விட்டுட்டேன்.”

அவர் நம்பவில்லை. கண்ணால் பார்க்காததை நம்புகிறவர் அல்லர் அவர். மச்சானை வரச்சொல்லிக் கைபேசியில் படம் பிடிக்கச் செய்தார். பிறகு மூவருமாகக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார்கள். ரெகுலேட்டர் பிடுங்கப்படுகிறது. அவருடைய இடது கை விலாவைக் கண்டுகொள்ளவே இல்லை. காதை உரசிக்கொண்டு மேலெழுந்து, தோளைத் தாண்டிப் பின்னால் விழுகிறது. அங்கே விரல்கள் விரிந்து, குவிந்து, எதையோ திருகுகின்றன. அங்கே எதுவும் இல்லை. வெறும் சுவர்தான் இருக்கிறது. விரல்கள் திருகிக்கொண்டே இருக்கின்றன.

“திரும்பப் போடு” என்றார்.

மச்சான் போட்டான். மனைவி எழுந்து போய் இயந்திரத்தின் மேல் கிடந்த நூலை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

அடுத்து வந்த நாட்களில் அவர் அந்தக் கையைத் திருத்தப் பார்த்தார். வாயிலிருந்து விலாவுக்கு, வாயிலிருந்து விலாவுக்கு என்று பேருந்து நிறுத்தத்தில் நின்றபடிகூடப் பழகினார். பக்கத்தில் நின்றவர்கள் சற்றே நகர்ந்து நின்றார்கள். சும்மா இருக்கும்போது கை சொன்னபடி கேட்டது. திடுக்கிட்டால் பின்னால் போனது. தண்ணீருக்கடியில் திடுக்கிடாமல் யார் மூச்சை இழந்திருக்கிறார்கள்? கை தேடிப் போன இடத்தில் ஒன்றும் இல்லையென்றால் தாம் அங்கேயே நின்றுவிடுவோம் என்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று. அங்கே ஒருமுறை நின்றவர் அவர்.

“அப்ப முதுகுலயே வச்சிடுங்க மாமா” என்றான் மச்சான். இந்த முறை அவன் குரலில் கேலி இல்லை. “உங்க கை போற இடத்துல வைங்க. எனக்கும் அதான் வசதி.”

“முதுகுல வச்சா அவனுங்க சொன்னது சரின்னு ஆயிடும்.”

“எவனுங்க?”

“எவனுங்களா? பழைய கம்பெனிக்காரனுங்கதான். அதே துறையில அடுத்த வாசல்ல இருக்கானுங்க. நான் முதுகுல மாட்டிக்கிட்டுப் போறதைப் பார்த்தா என்ன சொல்லுவானுங்க? ‘முதுகுல வைக்கிறது தப்புன்னு மனு மேல மனு போட்டவர், இப்ப அவரே முதுகுல வச்சுக்கிட்டுப் போறாரு பாரு’ன்னு சொல்ல மாட்டானுங்க? அத்தனை மனுவும் குப்பை ஆயிடும்டா.”

“மாமா, ஒண்ணு கேக்குறேன், அடிக்காதீங்க. நீங்க மனுவுல ஜெயிக்கணுமா, மேல வரணுமா?”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். துறைமுகச் சுவர் நெடுக நடந்தார். திரும்பி நடந்தார். நங்கூரச் சங்கிலிகள் அடுக்கிய முற்றத்தில் ஒரு சங்கிலிமேல் உட்கார்ந்து, உடனே எழுந்தார். இத்தனை காலமாக அவர் சுமந்து திரிந்தது ஒரு வாதம். அந்த வாதத்துக்காக அவர் உறவினர் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போகாமல் இருந்திருக்கிறார். நல்ல நட்பு இரண்டை இழந்திருக்கிறார். அதைக் கீழே வைத்தால் தம்மிடம் மிஞ்சுவது என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. கீழே வைக்காவிட்டால் மிஞ்சுவது என்ன என்பது தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு மனைவியின் முன் முதுகைக் காட்டி நின்றார். “அளவெடு” என்றார்.

அவள் பெரிய சிலிண்டரை மாட்டிவிட்டு, “கையைப் பின்னாடி போடுங்க, கண்ணை மூடிக்கிட்டு, யோசிக்காம” என்றாள். அவர் விரல் தொட்ட இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டாள். திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லி, கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுகிற இடத்தைப் பிடித்தாள்.

“குட்டியோட வால்வுத் திருகு இங்க வரணும். அந்தக் கம்பெனி வார்ல எங்க இருந்துச்சு?”

அவர் காட்டினார். அவள் இரண்டு இடத்துக்கும் நடுவே தன் கையை விரித்து வைத்துப் பார்த்தாள். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை சரியாக அடங்கியது.

“ஒரு சாண்தானா?” என்றாள்.

“எல்லாருக்கும் ஒரே அளவு வாரு. தச்சு வச்சிருந்தானுங்க. ஏத்தி இறக்க முடியாது.”

“ஒரு சாணுக்காகவா?” என்று அவள் மறுபடி கேட்டாள். யாரிடம் கேட்கிறோம் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

அவர் சிலிண்டரோடேயே நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டார். முதுகு தவறு இல்லை. விலாதான் சரி என்பதும் இல்லை. தாமும் பதறவில்லை, கை போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது. வாரைத் தைத்தவர்கள் அங்கே ஒருமுறைகூடக் கையை நீட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் இதைவிட அதிகமாகக் கோபப்பட்டிருப்பார்.

அன்றே மனுவை எடுத்து, முதுகு தவறு, விலா சரி என்று நிறுவிய பக்கங்களை எல்லாம் உருவினார். படங்களையும் அம்புக்குறிகளையும் உருவினார். ‘கைவசம்’ என்ற சொல்லுக்கு எதிரான ஒரே பத்தி மட்டும் மிஞ்சியது. அந்தப் பத்தியோடு ஒரு வரி சேர்த்தார்: திருகு என் விரலுக்கு ஒரு சாண் கீழே இருந்தது. கையெழுத்திட்டு அனுப்பினார். உருவிய பக்கங்களை எறிந்தாரா என்றால், இல்லை. அவற்றைத் தனியே கட்டி வைத்தார்.

மனைவி புதிய வாரை ஏற்றி இறக்கும்படியாகத் தைத்தாள். மச்சான் கை நீளம். அவனுக்கு இன்னும் கீழே வந்தது. படகுத்துறை அம்மாளிடம் காட்டப் போனபோது அவர் இருவர் முதுகையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“ஒரே மாதிரி இருக்கணும்னு சொன்னேனே?”

“ஒரே மாதிரிதாங்க. அவங்கவங்க கைக்கு எட்டுற இடம். ரெண்டு பேருக்கும் இடது தோளுக்குப் பின்னாடி. குட்டியோட ரெகுலேட்டர் ரெண்டு பேருக்கும் தாடைக்குக் கீழ, கழுத்துல ரப்பர் வளையத்துல. தடவினாக் கிடைக்கும்.”

“வால்வு?”

“திறந்தே இருக்கும். எதுலயாவது இடிபட்டு மூடிக்கிட்டா மட்டும் கை போய்த் திறக்கும்.”

“கசிஞ்சா?”

“கசியட்டுங்க. காத்துதானே, திரும்ப அடைச்சுக்கலாம்.”

அம்மாள் சிரித்தார். “சரி, முதல்ல என் கண்ணு முன்னாடி இங்கயே இறங்கிக் காட்டுங்க.”

துறையின் ஏணியோரம், ஆள் ஆழத்துக்குச் சற்றே கூடுதலான தண்ணீரில் இறங்கினார்கள். சொல்லாமல் கொள்ளாமல் மச்சான் அவருடைய பெரிய சிலிண்டரின் வால்வை மூட வேண்டும். அவர் குட்டிக்கு மாற வேண்டும். காத்திருப்பதுதான் கொடுமையாக இருந்தது. தூணில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டிக்கொண்டே ஒவ்வொரு மூச்சையும் கடைசி மூச்சு என்று எண்ணி இழுத்தார். மச்சான் வேண்டுமென்றே தாமதித்தான். அவர் சலித்துப்போய்ச் சுரண்டியை மாற்றிப் பிடித்த நேரத்தில் இழுத்த மூச்சு பாதியில் நின்றது.

கை போயிற்று. காதை உரசி, தோளைத் தாண்டிப் போயிற்று. விரலுக்குள் திருகு வந்து உட்கார்ந்தது. இத்தனை ஆண்டுகள் வெற்றிடத்தில் திருகிய விரல்கள் அதை ஆசையோடு திருகின. மறுகை குட்டியின் ரெகுலேட்டரை வாயில் வைத்தது. ஒரு இழுப்பு வந்தது. அடுத்தது வரவில்லை.

ஏணியைப் பிடித்துத் தலையை வெளியே நீட்டி இருமினார். மச்சானும் பின்னாலேயே வந்து அவர் முதுகைத் தடவிப் பார்த்தான்.

“மாமா, திறந்திருந்ததை நீங்களே மூடிட்டீங்க!”

“நான் திறந்தேன்டா!”

“பின்னாடிக் கைக்குத் திசை மாறும்ல! எதிர்ப்பக்கம் திருகியிருக்கீங்க. நல்லவேளை, நீங்க குழாய்க்கடை வைக்கல. ஊர் பூரா தண்ணி நின்னிருக்கும்.”

மேலே நின்ற அம்மாளுக்குச் சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டார். ரசீது சிரிக்கவில்லை. எங்கே வைப்பது என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவர், எந்தப் பக்கம் திருகுவது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. தண்ணீரிலேயே நின்று கண்ணை மூடித் திருகைத் தடவினார். கழுத்துப் பக்கமாகத் திருகினால் திறக்கிறது. தோள்முனைப் பக்கமாகத் திருகினால் மூடுகிறது. “கழுத்துப் பக்கம், கழுத்துப் பக்கம்” என்று வாய்விட்டுச் சொன்னார்.

“இன்னொரு தடவை” என்றார்.

செய்தார்கள். இந்த முறை திருகு கழுத்துப் பக்கம் அசைய மறுத்தது. முன்பே முழுக்கத் திறந்திருந்தது. மூச்சு வந்தது. அடுத்த மூச்சும் வந்தது. மேலே வந்து, “இன்னொரு தடவை” என்றார். அம்மாளுக்குப் போதும் என்று தோன்றிய பிறகும், மச்சானுக்குக் குளிரெடுத்த பிறகும், அவர் இன்னொரு தடவை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

பார்ஜ் வந்து கட்டிய அன்று இருவரும் அதனடியில் போனார்கள். விளிம்பிலிருந்து கொஞ்ச தூரம் பச்சையாக வெளிச்சம் கூடவே வந்தது, பிறகு நின்றுகொண்டது. முதலில் வெளிச்சம் எட்டிய ஓரத்தில் மல்லாந்து படுத்து, நெஞ்சின்மேல் எதுவும் இல்லாமல், இரண்டு கையாலும் சுரண்டினார். சுரண்டியின் முனை மழுங்கியதும் அதைத் தீட்டுவதற்காக இருவரும் மேலே வந்தார்கள்.

“மாமா, கீழ என்ன சும்மா சும்மா தலையைச் சொறியறீங்க?” என்றான் மச்சான், அவருடைய நல்ல காதின் பக்கமாக வந்து. “கடல்ல பேன் இருக்காது, தெரியும்ல?”

“தலை என்னுது. நான் சொறிவேன். நீ போய் உன் சுரண்டியைத் தீட்டு.”

“வலது பக்கம் முடிஞ்சுதா?” என்று மேலிருந்து அம்மாள் கேட்டார்.

“நடுவுல இன்னும் பாக்கி இருக்குங்க” என்று சொல்லிவிட்டு ரெகுலேட்டரைக் கவ்வினார்.

நடுவுக்குப் போனார். வெளிச்சத்துக்கு மிகத் தொலைவான இடம் அதுதான். ஒரு கை அகலம் சிப்பி உதிர்ந்தது. கை தோளுக்குப் பின்னால் போய்த் திருகைத் தொட்டு, கழுத்துப் பக்கம் அழுத்திப் பார்த்துவிட்டு வந்தது. சுரண்டினார். அடுத்த கை அகலம் உதிரும் முன்பே அது மறுபடி போனது. அவர் அதைத் தடுக்கவில்லை.